ஞ தீர்ந்துபோன நாடகப் புத்தகம்

நாடகப் புத்தகம் ஒன்று வேலைக்கு வந்திருக்கிறது, அதை எப்படிப் பக்கம் கட்டுவது என்று கேட்டு நம் அச்சகத்துப் பிள்ளைகள் இருவர் போன கிழமை என் வீட்டுக்கு வந்தார்கள். கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். அவர்கள் முகம் வாடிவிட்டது. பிள்ளைகளே, உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என்னிடம் கேட்கச் சொல்லி உங்களை அனுப்பினாரே உங்கள் முதலாளி, அவரை நினைத்துத்தான் சிரித்தேன். நாடகப் புத்தகத்தில் எதையெல்லாம் செய்யக்கூடாதோ அதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தவள் நான். அந்த வகையில் சரியான ஆளிடம்தான் வந்தீர்கள். வாயால் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன் என்று எழுதித் தருகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். திருத்தினோம் என்று மட்டும் என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட இருந்த அச்சகத்துக்கு முதலில் தாள் மடிக்கத்தான் போனேன். பெண்களுக்கு மடிப்பு மேசை, ஆண்களுக்கு எழுத்துப் பெட்டி என்று அங்கே யாரும் சொல்லாமலே ஒரு சட்டம் இருந்தது. எழுத்துக் கோர்க்க ஆள் இல்லாமல் போன ஒரு சமயத்தில், நானும் கோர்ப்பேன் என்று சொல்லி, ஒரு கல்யாணக் கார்டைக் கோர்த்தும் காட்டிவிட்டேன். அன்றிலிருந்து என் நடையே மாறிவிட்டது. பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால்கூட, “இருங்க, நான் கம்போசிட்டர். நின்னு பழக்கம்” என்பேன். கேட்டவர்களுக்குக் கம்போசிட்டர் என்றால் என்னவென்று தெரியாது. அது எனக்கு இன்னும் நல்லதாகப் போயிற்று.

உண்மையைச் சொன்னால், ஈயத்தில் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருக்கிற எழுத்தை நான் கடகடவென்று வாசிப்பேன். அதையே தாளில் நேராகப் பார்த்தால் தடுமாறுவேன். கல்யாணக் கார்டு, மரண அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ். இந்த மூன்றும்தான் என் உலகம். அவற்றுக்குள் நான் ராணி.

அப்படி இருக்கும்போதுதான் ராசு மாஸ்டர் வந்தார். அம்பிட்டியவில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். இலங்கைக் குடியுரிமை இல்லாத மலையகத் தமிழர்களில் பாஸ்போர்ட் கிடைத்தவர்கள் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கண்டி ஸ்டேஷனில் ரயிலேறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பல். மாஸ்டர் எழுதிய நாடகமும் அதைப் பற்றியதுதான். ஒரு வீட்டில் பாதிப் பேருக்குப் பாஸ்போர்ட் வருகிறது, பாதிப் பேருக்கு வரவில்லை. மூத்த மருமகள் ஞானம்மாதான் எல்லோருக்கும் பெட்டி கட்டுகிறாள். கட்டியதையெல்லாம் அவிழ்த்துக் கொட்டுகிறவளும் அவள்தான். மூன்று தடவை மேடையேறிய நாடகம். நானும் ஒரு தடவை பார்த்து, முந்தானை நனைய அழுதிருந்தேன்.

மாஸ்டர் எங்கள் முதலாளி ஹாஜியாரிடம் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. “இத இனிமே மேடையேத்த முடியாதுங்க ஹாஜியார். நடிச்சவங்க முக்காவாசிப் பேரு போறாங்க. ஞானம்மாவா நடிச்ச மரகதமும் அடுத்த மாசம் ரயிலேறுது. அதுக்குள்ள புஸ்தகமாக்கி அது கையில குடுத்துடணும். நாடகத்தப் பாக்காத ஒருத்தன் எங்கேயோ உக்காந்து படிச்சாலும் பாத்த மாதிரி இருக்கணும்.”

மரகதம் கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தது. நாடகத்துக்குப் பிறகு கடைக்கு வருகிறவர்கள், “ஞானம்மா, அந்த மேல்தட்டுச் சேலைய எடு” என்றுதான் கூப்பிடுவார்களாம். சொந்தப் பெயரையே மறந்துவிட்டார்கள் என்று அது சொல்லும். குறையாகச் சொல்லாது, பெருமையாகச் சொல்லும்.

எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் போர்மனிடம் ஹாஜியார், “ஆரு செய்யிற?” என்று கேட்டார். போர்மன் யாழ்ப்பாணத்துக்காரர். யோசிக்காமல் பேசமாட்டார். அவர் யோசித்து முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

“புள்ள, பொஸ்தகம் இது. கார்டில்ல” என்றார் ஹாஜியார். “பிழைச்சிச்செண்டா திரும்பி மடிப்பு மேசைதான், சொல்லிட்டன்.”

“பிழைக்காதுங்க” என்றேன். அந்தக் காலத்தில் அவ்வளவு துணிச்சலாகப் பொய் சொல்வேன். அது பொய் என்று எனக்கே தெரியாததால் முகமும் மாறாது.

பிழை பார்க்க அடித்த முதல் புரூபை மாஸ்டர் கையில் வாங்கினார். பார்த்தார். திருப்பிப் பார்த்தார். “யாருக்குங்க கல்யாணம்?” என்று கேட்டார்.

எனக்குப் பெயர் என்றால் பெரிய எழுத்து, நடுவில் வரவேண்டும், இரண்டு பக்கமும் பூ. கார்டில் அப்படித்தானே போடுகிறோம்! பேசுகிறவர்கள் பெயரையெல்லாம் அதே மாதிரி நடுவில் தடித்த எழுத்தில் வைத்து, கீழே பேச்சைப் பொடி எழுத்தில் விட்டிருந்தேன். நாடகத்தில் பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன் என்று ஊரை ஏமாற்றும் தரகன் ஒருவன் வருவான். அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் மாப்பிள்ளை மாதிரி இரண்டு ரோஜாப்பூவுக்கு நடுவில் நின்றான்.

போர்மன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிள்ளை, பேரை இவ்வளவு சத்தமாச் சொன்னா, பேச்சு ஆருக்குக் கேக்கும்?”

பெயரைக் கரைக்குத் தள்ளினேன். பேச்சுக்கு நல்ல எழுத்துக் கொடுத்தேன். பூவெல்லாம் பெட்டிக்குத் திரும்பிப் போயிற்று. எனக்கு மனசே இல்லை.

இரண்டாம் புரூபில், அந்த வீட்டுக் கிழவர் சாகிற காட்சி வந்தது. கப்பலுக்குக் காத்திருந்து, பெட்டிமேல் உட்கார்ந்தபடியே சாவார். நான் அந்தப் பக்கத்துக்குச் சுற்றிவர ஒரு கறுப்புக் கரை கட்டினேன். மரண அறிவித்தலுக்குப் போடுகிற அதே தடித்த கரைதான். கிழவர் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. மேடையில் அந்த இடத்தில்தான் நான் அழுததே. நான்கு மூலையும் பிசகாமல் கட்டினேன் என்று வீட்டுக்குப் போய்க்கூடச் சொன்னேன்.

மாஸ்டர் அந்தப் பக்கத்தை எடுத்துத் தூரத்தில் பிடித்தார். “ஏங்க, இந்தக் கிழவன் பக்கத்தோட மேல்வரியில டீத்தண்ணி கேக்குறான். கடைசி வரியிலதான் சாகிறான். சாகப்போறது அவனுக்கே தெரியாது. உங்களுக்கு மட்டும் எப்படிங்க முன்னாடியே தெரிஞ்சிச்சு?”

“நாந்தான் நாடகம் பாத்தேனே.”

“நீங்க பாத்தீங்க. படிக்கிறவன் பாக்கலியே.”

பிள்ளைகளே, இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதை நான் எழுதாமலே விடலாம். பக்கம் முந்திக்கொள்ளக் கூடாது. மேடைக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு எப்போது தெரியவருகிறதோ அப்போதுதான் படிக்கிறவனுக்கும் தெரியவேண்டும். இப்போது உங்களிடம் நிறமும் படமும் கொட்டிக் கிடக்கின்றன. கிழவர் சாகும் முன்பே அவரைப் பாடையில் வைக்க ஒரு பட்டன் போதும். அதனால் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் புத்தி வந்தது. நாடகம் பார்க்காத ஆள் ஒருவரிடம் காட்டவேண்டும் என்று, ஹாஜியாரையே சத்தமாக வாசிக்கச் சொன்னேன். அவர் நாடகமே பார்க்காதவர். “நான் வரமாட்டேன் பெட்டியை உதைக்கிறாள்” என்று ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, “இதென்ன பேச்சு இப்பிடி ஈக்குது?” என்றார். பேச்சையும் செய்கையையும் ஒரே எழுத்தில், ஒரே வரியில் வைத்திருந்தேன். செய்கையை அடைப்புக்குள் போட்டுத் தனி வரியாக்கினேன். அவர் எங்கே தடுக்கி விழுந்தாரோ அங்கெல்லாம் திருத்தினேன். வேலை நன்றாக ஓடத் தொடங்கியது. எனக்குத் தலை மறுபடியும் கனத்தது.

அப்போதுதான் ஞ தீர்ந்தது.

ஈய எழுத்துக் காலத்தைப் பார்க்காத உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் எழுத்தும் ஒரு துண்டு ஈயம். பெட்டியில் எத்தனை துண்டு இருக்கிறதோ அத்தனைதான். புள்ளி வைத்த ஞ் எங்களிடம் நிறைய இருந்தது. மஞ்சள், அஞ்சலி என்று அது தினமும் ஓடுகிற எழுத்து. புள்ளி இல்லாத ஞ எதற்கு வரும்? கார்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று. நோட்டீஸில் அதுவும் இல்லை. நாடகத்திலோ ஒருத்தி வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள் பெயரைப் போடவேண்டும். வேறு எந்தப் புத்தகமும் ஒரே பெயரை இப்படித் தின்னாது. ஞானம்மாவோ ஓயாமல் பேசுகிறவள். முன் பக்கங்களில் எப்படியோ ஒப்பேற்றினோம். அவள் பெட்டியை அவிழ்த்துக் கொட்டிச் சண்டை பிடிக்கிற காட்சி வந்ததும் எழுத்துப் பெட்டிக்குள் கைவிட்டேன். அடித்தட்டுத்தான் கையில் பட்டது.

ஒவ்வொரு பக்கமாக அடித்து, எழுத்தைப் பிரித்து, மறுபடி கோர்க்கலாம். ஆனால் மரகதத்தின் ரயில் அதற்குள் போய்விடும். கொழும்புக்குச் சொல்லி எழுத்து வரவழைக்கவும் நாள் இல்லை. கண்டியில் இன்னோர் அச்சகத்தில் இரவல் கேட்டுப் போனேன். அங்கே ஒரு தேவாலயப் புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது. ஞானஸ்நானம், ஞானப்பாட்டு என்று பக்கத்துக்குப் பக்கம் அதே எழுத்து! அந்த அச்சகக்காரர், “உங்ககிட்ட இருந்தா நாங்களே வாங்க வரலாம்னு இருந்தோம்” என்றார்.

மாஸ்டர், ஹாஜியார், போர்மன், நான் என்று நாலு பேரும் எழுத்துப் பெட்டியைச் சுற்றி நின்றோம். ஹாஜியார் அன்று, கொழும்பில் பத்து நாள் தங்கித் தாள் வாங்கிவரக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார்.

“மருமகள் எண்டு போடுங்களேன். மனுசிக்குப் பேரா முக்கியம்?”

“ரெண்டு மருமக இருக்காங்க ஹாஜியார்” என்றேன்.

“அப்ப கமலம் எண்டு மாத்துங்க. க நிறைய ஈக்குது.”

மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஞானம்மா ஞானம்மாதாங்க. ஊரே மரகதத்த அந்தப் பேர்லதான் கூப்பிடுது. பேர மாத்தின புஸ்தகத்த அது கையில எப்படிக் குடுப்பேன்?”

ஹாஜியார் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். போர்மன் யோசிக்கத் தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது.

“மத்த எல்லாருக்கும் பேர் போடுவோம். ஞானம்மாவுக்கு மட்டும் பேரே வேணாம். பேர் இல்லாம வர்ற பேச்செல்லாம் அவளோடதுன்னு முன்னாடி ஒரு குறிப்புப் போட்டுருவோம். அந்தக் குறிப்புக்கு ஒரு ஞ போதும்.”

 போர்மன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஓம்,” என்றார். “ஓம் பிள்ளை. செய்யலாம்.” அவர் வாயிலிருந்து ஓம் வாங்குவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எனக்கு இரண்டு கிடைத்தது. மாஸ்டர் கண் கலங்கி, “அந்த வீடே அவதான். வீட்டுக்கு எதுக்குப் பேரு? இது எனக்குத் தோணலியேம்மா” என்றார். முன்பக்கங்களில் கோர்த்திருந்த பெயரையும் எடுத்துவிட்டு, புத்தகம் முழுக்க ஒரே மாதிரி ஆக்கினோம். இரண்டு பேரும் வாசித்துப் பார்த்து, கொஞ்சமும் குழப்பம் இல்லை என்றார்கள்.

இருக்காதுதான். இரண்டு பேரும் நாடகம் பார்த்தவர்கள். ஒருவர் எழுதியவர். நாடகம் பார்க்காத ஒரே ஆள் கொழும்பு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். அவர் வரட்டும் என்று ஒரு பக்கத்தை எடுத்து வைத்திருக்கலாம். எனக்கு அது ஞாபகமே வரவில்லை. புகழ்ச்சி காதில் விழுந்த பிறகு வேறு எதுவும் விழாது. உங்களில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், மருந்து என்னிடமும் இல்லை.

மரகதம் ரயிலேறுகிற அன்று காலையில்தான் புத்தகம் கட்டி முடிந்தது. மாஸ்டருக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிற மரியாதை எனக்கு வந்தது. நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன்.

ஸ்டேஷன் முழுக்க அழுகை. பெட்டியும் மூட்டையும் அம்மிக்கல்லும்கூடக் கிடந்தன. மரகதம் உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. புருஷன் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் உள்ளே ஏறிப் புத்தகத்தைக் கொடுத்ததும் அது இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. உடனே எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் நீட்டியது. மூக்குக் கண்ணாடி போட்ட மனிதர். ஹட்டன் பக்கத்திலிருந்து வருகிறாராம்.

“ஐயா, இது நாங்க போட்ட நாடகம். இதுல நான்தான் ஞானம்மா.”

“அப்படியா தாயி!” என்று வாங்கி, நடுவில் பிரித்தார். விரலை வைத்துக்கொண்டு தேடினார். “பெரியசாமி இருக்கான். தரகர் இருக்கான். சின்ன மருமக இருக்கா.” இன்னும் இரண்டு பக்கம் புரட்டினார். “ஞானம்மாவக் காணோமேம்மா?”

மரகதம் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தது. சிரிப்பு நின்றது. புத்தகத்தை வாங்கித் தானே புரட்டியது.

“அக்கா, எல்லாருக்கும் பேர் இருக்கு. எனக்கு மட்டும் எங்க?”

“முன்னாடி குறிப்புப் போட்டிருக்கு பாரு,” என்று நான் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். “பேர் இல்லாம வர்றதெல்லாம் நீதான். மாஸ்டர்கூட ரொம்ப அழகா இருக்குன்னு சொன்னாரு.”

பெரியவர் தலையை ஆட்டினார். “முன்னாடி எழுதுறதையெல்லாம் யாரும்மா படிக்கிறா? நான் படிச்சதேயில்ல.”

மரகதம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு சொல்லித் தப்பியிருப்பேன். “அங்க போனா நான் யாருன்னு எவனுக்குத் தெரியும்க்கா?” என்றது. “இதக் காட்டித்தான் சொல்லலாம்னு இருந்தேன்.”

 ஞ தீர்ந்துபோன கதையை அதனிடம் எந்த வாயால் சொல்வது? பெரியவரின் பையில் பேனை செருகியிருந்தது. கேட்காமலே எடுத்தேன். மரகதத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகத்தை முழங்காலில் வைத்து, பெயர் இல்லாத ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் ஞானம்மா, ஞானம்மா என்று எழுதத் தொடங்கினேன். என் கையெழுத்து உங்களுக்குத் தெரியும். கோழி நடந்த மாதிரி இருக்கும். பெரியவர் குனிந்து பார்த்து, “கொஞ்சம் மெதுவா எழுது தாயி, ‘ஞானமா’ன்னு இருக்கு” என்றார்.

“நீங்க சும்மா இருங்க” என்றேன். அவருடைய பேனையை வைத்துக்கொண்டுதான்.

ரயில் ஊதியது. எழுதினேன். மரகதத்தின் புருஷன் ஏதோ கத்தினார். எழுதினேன். பக்கம் ஆடுகிறதே என்று தலையைத் தூக்கினால் கண்டி ஸ்டேஷனைக் காணவில்லை.

“ஐயோ அக்கா, இறங்கலியா?” என்று மரகதம் அலறியது. பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகைக்கு நடுவில் வருகிற சிரிப்பு இருக்கிறதே, அதை அடக்கவே முடியாது. பேராதனையில் ரயில் நின்றபோது நான் சண்டைக் காட்சியைத்தான் தொட்டிருந்தேன். இன்னும் அரைப் புத்தகம் கிடந்தது.

மரகதம் என் கையிலிருந்து பேனையை வாங்கிக்கொண்டது. “இறங்குங்கக்கா. மிச்சத்த நானே எழுதிக்கிறேன். என்னோட பேச்சு எதுன்னு எனக்குத் தெரியாதா?”

அப்படியே இறங்கினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அது குனிந்து எழுதிக்கொண்டிருந்தது. கை காட்டக்கூட நிமிரவில்லை. டிக்கட் இல்லாமல் வந்ததற்கு ஸ்டேஷன்காரரிடம் நான் வாங்கிய ஏச்சை இங்கே எழுதமாட்டேன். சிங்களத்தில் ஏசினார். அவ்வளவும் விளங்கியது.

மறுநாள் ஹாஜியார் திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு புத்தகத்தை எடுத்து நாலு வரி வாசித்தார். “இது ஆரு பேசுற?” என்றார். இன்னும் நாலு வரி. “இது ஆரு?” அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லத் தேவை இருக்கவில்லை.

“கட்டின பொஸ்தகத்த நான் அவுக்கமாட்டன்,” என்றார். “நீ வேணுமெண்டா ஒவ்வொண்டுலயும் பேர எழுது.”

போர்மன் பதறிவிட்டார். “வேண்டாம் ஹாஜியார். பிழை விட்டது இந்தப் பிள்ளை. வாசிக்கிற சனம் என்ன பாவம் செய்தது? இவவின்ரை கையெழுத்து வேண்டாம்.”

அதனால் குட்ஸ் ஷெட் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ரப்பர் சீல் செய்கிறவரிடம் போய், ஞானம்மா என்று ஒரு சின்னச் சீல் வெட்டிக்கொண்டு வந்தேன். மையை ஊதா நிறத்தில்தான் கொடுத்தார். மடிப்பு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு புத்தகத்திலும் அவள் பேசுகிற இடமெல்லாம் குத்தினேன். சில இடத்தில் சரிந்தது. சில இடத்தில் மை அப்பியது. கம்போசிட்டர் அம்மா சீல் குத்திக்கொண்டு பாஸ்போர்ட் கந்தோர் நடத்துகிறார் என்று மடிப்புப் பெண்கள் என்னைச் சுற்றி நின்று சிரித்தார்கள். மற்ற எல்லோரும் கறுப்பில் நேராகப் பேச, ஞானம்மா மட்டும் ஊதாவில் கோணலாகப் பேசினாள். ஆனால் ஹாஜியார் தடுக்காமல் வாசித்தார்.

உங்களுக்கு இப்போது எந்த எழுத்தும் தீராது. ஒரு பெயரை எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். அதனால்தான் பயமாக இருக்கிறது. பக்கம் அழகாக வர வேண்டும் என்றோ, இடம் போதவில்லை என்றோ, ஏதாவது ஒரு காரணத்துக்காக ஒருத்தியின் பெயரை எடுக்கலாம் என்று உங்களுக்கும் ஒருநாள் பளிச்சென்று படும். சுற்றி நிற்கிறவர்கள் ஆஹா என்பார்கள். அந்த ஆஹாவைக் கேட்டதும் வேலையைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெயர் யாருக்கு வேண்டும் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

மரகதத்திடமிருந்து பிறகு ஒரு செய்தியும் வரவில்லை. மாஸ்டரும் சில வருடத்தில் மாற்றலாகிப் போய்விட்டார். மேடையேறாது என்று அவர் சொன்ன நாடகம் மட்டும் மறுபடி ஏறியது. மாத்தளைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தார், நாடகத்தை ஒருநாளும் பார்க்காதவர்கள், எங்கள் புத்தகத்தை எங்கோ கண்டெடுத்துப் படித்து மேடையேற்றினார்கள். புத்தகத்தின் பின்னால் அச்சகத்தின் பெயர் இருந்ததால் எங்களுக்கும் அழைப்பு வந்தது. நானும் போர்மனும் போனோம்.

திரை விலகியது. எல்லோரும் வெள்ளையும் பழுப்புமாக உடுத்தியிருந்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை வந்தாள். பளீரென்று ஊதாச் சேலை. சேலைக்கு ஏற்ற ஊதா ரவிக்கை, தலையில் ஊதாப் பூ. தோளையும் ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டுதான் நடந்தாள்.

போர்மன் என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் தோள் மட்டும் குலுங்கியது. நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் எனக்கு முன் கதிரையில் எங்கள் புத்தகத்தை மடியில் வைத்திருந்த ஒரு தாய், பெட்டி கீழே வைக்கப்படும் முன்பே, பேச்சு ஒன்றும் வரும் முன்பே, பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்து அமுக்கிச் சொன்னாள்:

“அந்தா, ஞானம்மா வந்துட்டா.”